எஞ்சின் இலக்கமும் பத்திரிகைச் சிரிப்பும்

இங்கிலாந்துப் பத்திரிகைகளைப் புரட்டும் வழக்கமுடைய நேயர்கள் ஒரு கேலிச் சித்திரத்தைப் பன்முறை கண்டிருப்பர். ரயில் நிலையத்து மேடையின் கோடியிலே, கூரை முடிந்து மழை தொடங்கும் இடத்திலே, நடுவயதுடைய ஓர் ஆடவர் நிற்பார். தலைமூடியோடு கூடிய மழைச்சட்டை. தடித்த மூக்குக் கண்ணாடி. தோளில் தொங்கும் பையில் தேநீர்க் குப்பி. கையிலே ஒரு குறிப்பேடு. வண்டி வரும். அதன் எஞ்சினில் பொறித்த இலக்கத்தை அவர் எழுதிக்கொள்வார். வண்டி போகும். அவர் அதில் ஏறுவதுமில்லை. அதிலிருந்து இறங்குவோரை எதிர்கொள்வதுமில்லை. சித்திரத்தின் கீழே ஒரு வரி இருக்கும். அவ் வரி எதுவாயினும் அதன் கருத்து ஒன்றே: இம் மனிதருக்கு மனைவியில்லை, நண்பரில்லை, அறிவும் சற்றுக் குறைவு.

இவரை ஆங்கிலப் பத்திரிகையும் சினிமாவும் தொலைக்காட்சியும் சென்ற எழுபது ஆண்டுகளாக எவ்வாறு தீட்டி வந்துள்ளன என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். "தோட்டத்திலும் பட்டணத்திலும் நமக்கு ஆயிரம் குறைகள் இருக்க, எஞ்சின் எண்ணும் வெள்ளைக்காரனைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கூலி பெறாமல் ஒரு பொருளைக் கூர்ந்து கவனிக்கும் மனிதனைப் பார்த்து ஒரு சமூகம் எப்போது சிரிக்கிறது, எப்போது வணங்குகிறது என்பதைக் கண்டால், அச் சமூகம் யாரை மதிக்கிறது என்பது தானே விளங்கும். அன்றியும், அச் சிரிப்புச் சில அப்பாவிகளைச் சிறைக்கூடம்வரை அழைத்துச் சென்றதுமுண்டு. அதனைப் பின்னே கூறுவோம்.

இப் பழக்கம் நாடெங்கும் பரவிய கதை சுவையானது. போர் மும்முரமாய் நடந்த 1942-ஆம் ஆண்டில், இயன் ஆலன் என்னும் இளம் குமாஸ்தா லண்டனில் தெற்கு ரயில்வேயின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். எஞ்சின்களைப் பற்றி விவரம் கேட்டுப் பொதுமக்கள் ஓயாது கடிதம் எழுதுவர். ஒரே கேள்விக்கு நூறுமுறை விடை எழுதுவதினும், விடைகளையெல்லாம் ஒரு புத்தகமாய் அச்சிட்டு விடுவது மேல் என்று அவருக்குத் தோன்றிற்று. மேலதிகாரிகளுக்கு அதில் நாட்டமில்லை; ஆகவே தம் பொறுப்பிலேயே வெளியிட்டார். எஞ்சின்களை இலக்க வரிசையில் அடுக்கிய சிறு புத்தகம். விலை ஒரு ஷில்லிங். விரைவில் விற்றுத் தீர்ந்தது. மற்ற ரயில்வேக்களுக்கும் அவ்வாறே புத்தகங்கள் தொடர்ந்தன. கண்ட எஞ்சினின் இலக்கத்தின்கீழ்க் கோடிடுவது, காணாததைத் தேடி அடுத்த நிலையம் போவது, இதுவே ஆட்டம். ஐம்பதுகளில் பள்ளிச் சிறுவர் கூட்டங் கூட்டமாய் மேடைகளை நிறைத்தனர். நெருக்கடி தாங்காமல் சில நிலையங்களில் அவர்களுக்குத் தடை விதிக்கவும் நேர்ந்தது. ஆயினும் அந்நாளில் எவரும் அதனைப் பித்து என்று சொல்லவில்லை. தொழிலாளி வீட்டுப் பையனுக்கும் குமாஸ்தா வீட்டுப் பையனுக்கும் ஒரு பென்சிலும் ஒரு ஷில்லிங் புத்தகமும் போதும். விஞ்ஞானத்தின் வாயிலில் வந்து நிற்கலாம். அதனை அன்றைய பெரியோர் நல்லதென்றே எண்ணினர்.

பின்னர் ஏன் சிரிப்புப் பிறந்தது? நம் அபிப்பிராயம் இது. 1963-ல் பீச்சிங் என்பாரின் அறிக்கை வெளிவந்து, இலாபமில்லை என்று ஆயிரக்கணக்கான மைல் இருப்புப்பாதை மூடப்படலாயிற்று. மோட்டார் வைத்திருப்பவன் முன்னேறியவன், ரயிலடியில் நிற்பவன் பின்தங்கியவன் என்ற எண்ணம் வேரூன்றிற்று. 1968 ஆகஸ்டு மாதத்தோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரும்பாதைகளில் நீராவி எஞ்சின் ஓட்டம் நின்றது. சிறுவர் வேறு விளையாட்டைத் தேடிப் போயினர். மேடையில் எஞ்சியவர்கள் வளர்ந்த ஆடவர்கள். சிறுவன் செய்தால் விளையாட்டு. அதனையே நாற்பது வயதினன் செய்தால் நோய். பத்திரிகைகளின் தீர்ப்பு இதுவாயிற்று.

சிரிப்பிற்கு முந்திய காலத்துப் படம் ஒன்று உண்டு. 1953-ல் ஈலிங் ஸ்டூடியோ வெளியிட்ட 'டிட்ஃபீல்டு தண்டர்போல்ட்' என்னும் இன்பியற் படம் அது. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சிறிய ரயில்பாதை மூடப்படவிருந்தபோது, தொண்டர்கள் 1951-ல் அதனை ஏற்றுத் தாமே ஓட்டினர். உலகிலேயே தொண்டர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில்பாதை அதுவே. அந் நிகழ்ச்சியைத் தூண்டுகோலாய்க் கொண்டு எழுந்த கதை இது. அரசாங்கம் மூட நினைத்த பாதையைக் கிராமத்தார் தாமே ஓட்டுகின்றனர். பஸ் முதலாளிகள் சூழ்ச்சி செய்கின்றனர். இறுதியில் 1838-ல் செய்யப்பட்ட 'லயன்' என்னும் உண்மையான பழைய எஞ்சினே வந்து மானங் காக்கின்றது. எஞ்சின்மீது அன்பு கொண்டோரை இப்படம் எள்ளவில்லை. அவர்களுடன் சேர்ந்து சிரிக்கிறது. இதன்பொருட்டு நாம் அதனைப் பாராட்டுகின்றோம்.

ஆனால் சற்று ஊன்றிப் பாருங்கள். அப் படத்தில் எஞ்சினை நேசிப்போர் யாவர்? நிலக்கிழார், பாதிரியார், காலையிலேயே மது அருந்த வழி கிடைக்கும் என்று பணம் கொடுக்கும் செல்வர். உண்மையில் ரயிலில் வேலை செய்து பழகிய ஒருவர், பழைய ரயில் பெட்டியொன்றில் குடியிருந்துகொண்டு, களவில் வேட்டையாடிக் குடித்துத் திரிபவராய் வருகிறார். பெரிய வீட்டார் எஞ்சினை நேசித்தால் அது நாட்டுப்பற்று. வேலையாள் நேசித்தால் வேடிக்கை. கேலிச் சித்திரத்தின் விதை இவ் அன்பான படத்திலேயே விழுந்துவிட்டது என்று நாம் கருதுகின்றோம்.

1969-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'மான்டி பைதன்' குழுவினர் நடித்த ஒரு துணுக்கில், ஒட்டகங்களைத் தேடி நோட்டமிடுவதாகச் சொல்லும் ஒருவர் வருவார். பேட்டி காண்பவர் கேள்விமேல் கேள்வி கேட்க, அவர் பார்ப்பது ஒட்டகமன்று, ரயில் எஞ்சின் என்பது வெளிப்படும். அவருக்கு அது பெருத்த அவமானம். ஒட்டகம் தேடுவது மதிப்புடையது, எஞ்சின் தேடுவது வெட்கம் என்பதே நகைச்சுவை. நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது, நாமும் சிரித்தோம். அக் குழுவைச் சேர்ந்த மைக்கேல் பாலின் 1980-ல் லண்டனிலிருந்து ஸ்காத்லாந்தின் கைல் ஆவ் லொகால்ஷ் வரை ரயிலிற் சென்று ஒரு நிகழ்ச்சி தயாரித்தார். ரயிலின்மேல் அவருக்குள்ள ஆசை ஒவ்வொரு காட்சியிலும் தெரிகின்றது. ஆயினும் அதற்கு அமைந்த தலைப்பில், பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது வழங்கும் சொல் ஏறிவிட்டது! எஞ்சின் பார்த்தவன் குற்றவாளிக் கூண்டில் நின்றே பேசவேண்டும் என்ற நிலை அதற்குள் வந்துவிட்டது. எவரும் தோட்டக்கலையில் தமக்குள்ள ஆசையைப் 'பாவ ஒப்புதல்' என்று தலைப்பிட்டு வெளியிடக் காணோம்.

எண்பதுகளில் 'அனோராக்' என்ற சொல் ஏசல் ஆயிற்று. அது வடதுருவத்துக் கிரீன்லாந்து மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். தலைமூடியோடு கூடிய குளிர்ச்சட்டையைக் குறிப்பது. கூரையில்லாத மேடைக் கோடியில் மழையில் நிற்பவன் மழைச்சட்டை அணியாமல் பட்டு மேலங்கியா அணிவான்? ஏழையின் உடை அவனுக்கே வசவாகும் விந்தையை நம் நாட்டார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1993-ல் இர்வின் வெல்ஷ் எழுதிய 'டிரெய்ன்ஸ்பாட்டிங்' என்னும் நாவலும், 1996-ல் வந்த அதன் திரைப்படமும் உலகப்புகழ் பெற்றன. எடின்பரோ நகரத்து ஹெராயின் அடிமைகளின் கதை அது. தலைப்பு மட்டும் எஞ்சின் பார்ப்போருடையது. கதையில் அவர்கள் இல்லை. அந் நாவலின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் அத் தொழிலின் பெயரே, பொருளற்று வீணாகும் வாழ்வுக்கு ஒரு குறிச்சொல்லாகி விட்டது. எந்த எஞ்சின்காரரையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இனி மற்றொரு சேகரிப்பாளரைக் காண்போம். 1904-ஆம் ஆண்டில் ஒருவர் மொரீஷியஸ் தீவின் பழைய தபால் தலை ஒன்றை, இரண்டு பென்ஸ் விலையுடைய ஒரு நீலக் காகிதத் துண்டை, 1,450 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தார். எந்த மூடன் இவ்வளவு கொடுத்தான் என்று அரண்மனை அலுவலர் ஒருவர் வியக்க, அம் மூடன் தாமே என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். அவர்தாம் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர். அவர் தபால் தலைகளைச் சேர்த்தது கலையுணர்வு, ஆராய்ச்சி, அரச பொக்கிஷம். எஞ்சின் இலக்கம் எழுதும் குமாஸ்தா ஒரு காசும் செலவிடவில்லை. எவர் பொருளையும் பூட்டி வைக்கவுமில்லை. அவர் மட்டும் பித்தர்! பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொடுமையை நாம் கோயிலிலும் குளத்திலும் கண்டோம். மேல்நாட்டார் அதனைப் பொழுதுபோக்கிலும் வைத்திருக்கின்றனர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இச் சித்திரங்களில் பெண் வருவதேயில்லை. வந்தால், வீட்டில் காத்திருந்து சலித்த மனைவியாக வருவாள். பெண்ணொருத்தி எஞ்சினைப் பார்க்கக்கூடும் என்பது சித்திரக்காரர் எவர் மூளைக்கும் எட்டவில்லை போலும்.

"சிரித்தால் என்ன நட்டம்?" என்பார்க்கு இனி மறுமொழி. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டுக் கலமாட்டா நகரத்தின் விமானத் தளத்தில் ஒரு காட்சி நாள். அமெரிக்காவில் செப்டம்பர் 11-ஆம் நாள் தாக்குதல் நிகழ்ந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஆகாய விமானங்களின் இலக்கங்களை எழுதும் பழக்கமுடைய 12 பிரிட்டிஷாரும் 2 டச்சுக்காரரும் அங்குக் கைதாயினர். குற்றம், ஒற்று வேலை. அவர்கள் சொன்ன விடை உண்மையே: "இது எங்கள் பொழுதுபோக்கு." அதனை நம்புவாரில்லை. விமானத்தின் வாலில் உள்ள எண்ணை, பயனொன்றும் கருதாமல், வெயிலில் நின்று எழுதுவான் ஒருவன் என்பதை அந்நாட்டு அதிகாரிகளால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. ஏறத்தாழ ஐந்து வாரம் சிறையில் கிடந்தனர். 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்றாண்டும் ஆறு பேருக்கு ஓராண்டும் தண்டனை விதிக்கப்பட்டது. அவ் ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு மன்றமே அத் தீர்ப்பை மாற்றி விடுவித்தது.

கிரேக்க நீதிமன்றத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தன்னாட்டிலேயே முப்பது ஆண்டுகளாய், 'இப்படி ஒருவன் செய்தால் அவனுக்கு மூளை பிசகியிருக்க வேண்டும்' என்று ஒரு நாட்டின் பத்திரிகைகள் எழுதி வந்தபின், 'மூளை பிசகியவனாய்த் தோன்றவில்லை, ஆகவே ஒற்றன்' என்று அயல்நாட்டான் முடிவு கட்டினால் அது வியப்பா? பித்தன், இல்லையேல் கள்ளன். மூன்றாவது வகை மனிதனுக்கு அச் சித்திரத்தில் இடமே வைக்கவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் பெரிய வேடிக்கை. அமெரிக்க ஒற்றுத்துறையினர் சந்தேகப்பட்டவர்களை விசாரணையின்றிப் பிடித்துத் தனி விமானங்களில் நாடு நாடாய்க் கொண்டுசென்று சித்திரவதைக்கு உட்படுத்திய செய்தி சில ஆண்டுகளில் வெளியாயிற்று. ஐரோப்பிய மன்றத்தின் சார்பில் டிக் மார்ட்டி என்பார் 2006-ல் அதுபற்றி அறிக்கை சமர்ப்பித்தார். அவ் விமானங்களின் போக்கைப் பத்திரிகையாளர் துப்பறிந்தபோது அவர்களுக்குக் கைகொடுத்த சான்றுகளுள், விமான நிலைய வேலிக்கு வெளியே நின்ற பொழுதுபோக்காளரின் குறிப்புகளும் புகைப்படங்களும் இருந்தன. இன்ன நாளில் இன்ன எண்ணுடைய விமானம் இங்கே இறங்கிற்று. அவ்வளவே அக் குறிப்பு. அரசாங்கங்கள் மறைத்ததை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்தது. எவரைப் பரிகசித்தனரோ, அவர் குறிப்பேட்டையே பத்திரிகைகள் நாடின. பரிகாசத்தை மீட்டுக்கொண்டோம் என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியதாக நாம் காணவில்லை.

இரண்டாம் உலகப்போரில், வீட்டு மாடியில் வானொலிக் கருவி வைத்து விளையாடிய ஏறத்தாழ 1,500 பேரை பிரிட்டிஷ் அரசாங்கம் இரகசியமாய்ச் சேர்த்துக்கொண்டு, ஜெர்மானிய ஒற்றர்களின் மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்டு எழுதச் செய்தது. அத் தாள்கள் பிளெட்ச்லி பார்க்கிற்குச் சென்றன. அங்கேயும் பொழுதுபோக்காளர்கள்தாம்.

இதனைச் சொல்லி முடிக்கும்போதே நமக்கு ஓர் அச்சம் எழுகின்றது. 'பயன்பட்டார்கள், ஆகையால் மன்னிப்போம்' என்று நேயர்கள் கருதிவிடலாகாது. போரும் ஒற்றரும் வந்து சான்று கூறினால்தான் ஒரு மனிதன் தன் ஞாயிற்றுக்கிழமையைத் தன் விருப்பப்படி செலவிடலாமா? வாரத்தில் ஆறு நாள் பிறனுக்கு உழைப்பவனுக்கு ஏழாம் நாள் முழுவதும் சொந்தம். அதிலும் கணக்குக் கேட்பவர் முதலாளியின் கணக்கப்பிள்ளையே யன்றி இலக்கியக்காரர் அல்லர்.

இவ் உண்மையை உணர்ந்து எழுதப்பட்ட தொடர் ஒன்றைக் கண்டு மகிழ்ந்தோம். 2014 முதல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'டிடெக்டரிஸ்ட்ஸ்'. எழுதி இயக்கி நடித்தவர் மெக்கென்சி குரூக். உலோகங் காணும் கருவியோடு வயல்களில் நடந்து, புதைந்த காசும் பொத்தானும் தேடும் இரு நண்பர்களின் கதை. இத்தகையோர்மேல் தொல்பொருள் அறிஞர்கள் 1980-ல் ஓர் எதிர்ப்பியக்கமே நடத்தினர். பழம்பொருளைக் களவாடுவோர் என்பது குற்றச்சாட்டு. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆயினும் 2009-ல் ஸ்டாஃபர்டுஷயரில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்புதையலைக் கண்டெடுத்தது பேராசிரியர் எவருமல்லர். கருவியோடு வயலில் நடந்த ஒரு சாமானியரே. அப் புதையல் 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுனுக்குக் காட்சிசாலைகளுக்காக வாங்கப்பட்டது.

அத் தொடரின் சிறப்பு யாதெனின், கதாபாத்திரங்களின் வேடிக்கை குறையவில்லை. அவர்கள் அசடு வழிகின்றனர், பொறாமைப்படுகின்றனர், மனைவியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்கின்றனர். ஆனால் காமிரா அவர்களைச் சாலையின் மறுபுறத்திலிருந்து பார்க்கவில்லை. அவர்கள் பக்கத்தில் நின்று, அவர்கள் பார்க்கும் புல்லையும் மண்ணையும் பார்க்கிறது. அவர்கள் எதைக் காண்கிறார்கள் என்று பத்து நிமிஷம் கண்டபின், ஏன் தேடுகிறார்கள் என்ற கேள்வி நமக்கு எழுவதில்லை. கேலிச் சித்திரக்காரர் செய்யத் தவறியது இதுவொன்றே. அவர் எஞ்சின்காரரையே வரைந்தார், எஞ்சினை வரையவில்லை.

2021-ல் பிரான்சிஸ் பூர்ஷ்வா என்னும் இளைஞர் தோன்றினார். (பெயரைக் கண்டு நேயர்கள் திடுக்கிட வேண்டா, புனைபெயர்தான்.) தலையில் காமிராவைக் கட்டிக்கொண்டு, வண்டி ஊதும்போது துள்ளிக் குதிக்கும் அவருடைய சிறு படங்களைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். சிரிப்பு அன்பாக மாறியது நன்றே. ஆனால் அடுத்த ஆண்டே பெரிய ஆடை வியாபாரிகள் அவரைத் தம் விளம்பரத்தில் நிறுத்தினர்; பத்திரிகைகளோ, அவர் மெய்யாகவே ரயிலை நேசிக்கிறாரா, நடிக்கிறாரா என்று துருவத் தொடங்கின. பைத்தியம் என்று கூறினர். பைத்தியம் இல்லையென்று கண்டதும் வேஷம் என்றனர். அதே மழைச்சட்டை இப்போது விலையேறிய நாகரிகமாயிற்று. அதுவும் ஒரு கூத்து.

நமக்கும் ரயில் அன்பர்கள்மேல் ஒரு குறை உண்டு. அது பத்திரிகைகளின் குறையன்று. 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதையை அமைத்தனர். நம்மவர் அதற்கு வைத்த பெயர் மரண ரயில். அப் பாதையில் ஓடிய சி56 வகை எஞ்சின்களுள் ஒன்று, இலக்கம் 31, தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்துக் காட்சிசாலையில் கருநிறம் மின்னத் துடைத்து வைக்கப்பட்டுள்ளது. அவ்வகை எஞ்சின் தொண்ணூறு கடல்கடந்து தென்கிழக்காசியாவுக்கு வந்ததை ரயில் அன்பர்கள் எண்வரிசையில் அறிவர். மடிந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாய் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிச்செல்லப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட பல்லாயிரம் தமிழரின் பெயர்வரிசை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எஞ்சினுக்கு இலக்கம் இருந்தது; அதனை எழுத ஒருவன் இருந்தான். ஆளுக்குப் பெரட்டில் பெயரிருந்தது. அத் தாளைக் காப்பாற்ற ஒருவனில்லை. இதற்கு எஞ்சின் எழுதியவன்மேல் பழிபோடுவது நேர்மையன்று என்பதையும் நாம் அறிவோம். அவன் தன் வேலையைச் செய்தான். நம்மில் அத்தகைய ஒருவன் இருந்திருந்தால், அவனைப் பார்த்து நாமே முதலில் சிரித்திருப்போம்.

2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு சிங்கப்பூர்த் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே செலுத்திச் சென்றார். 1932-ல் திறந்த நிலையம். காமிரா ஏந்திய கூட்டம் மேடையை நிறைத்தது. தகப்பன் மகனைத் தோளில் தூக்கிக் காட்டினான். அன்று அங்கு நின்ற ஒருவரையும் எவரும் பித்தர் என்னவில்லை. ஊரே சேர்ந்து பார்த்தால் அது சரித்திரம் போலும்! அதற்கு முந்திய ஆண்டுகளில், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, தனியே நின்று இலக்கம் எழுதியவர் யாரேனும் நம் நேயர்களுள் இருப்பின், அல்லது கேட் காத்த, தண்டவாளம் பழுதுபார்த்த தம் தகப்பனாரின் பழைய நோட்டுப் புத்தகம் யாரேனும் வைத்திருப்பின், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிரதி செய்து நமக்கு அனுப்புவார்களாக. எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டுவதில்லை; உள்ளபடியே வெளியிடுவோம்.